மாடு போஸ்டர் தின்றால் என்ன ஆகும்? கழிவுக் காகிதம் தீவனமாகுமா? முழு விளக்கம்

காலையில் வண்டியில் வேலைக்குப் போகும்போது இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி ஒட்டிய சினிமா போஸ்டர், பசை முழுசாகக் காயவில்லை. ஒரு மாடு வந்து ஓரத்தை நாக்கால் நெம்பி, நிதானமாகக் கிழித்து, ஹீரோவின் பாதி முகத்தை மென்றுகொண்டிருக்கும். சிக்னலில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் ஃபோனை எடுத்து வீடியோ பிடிப்பார். பச்சை விழுந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவோம்.

ஆனால், அந்த மாடு பெரும்பாலும் அநாதை மாடு இல்லை. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். சாயங்காலம் அது வீட்டுக்குப் போகும், பால் கறப்பார்கள். அந்தப் பால் அதே ஏரியாவில் யாரோ ஒருவர் வீட்டு காபி டம்ளருக்கோ, குழந்தையின் பாட்டிலுக்கோ போய்ச் சேரும்.

கோடையில் தீவனத் தட்டுப்பாடு வரும்போது இந்தக் கேள்வி வேறு ரூபத்தில் கிளம்புகிறது. “காகிதம் மரத்திலிருந்துதானே வருகிறது? மாடுதான் செரித்துவிடுகிறதே! பழைய பேப்பரை வீணாக்காமல் தீவனமாகப் போட்டால் என்ன?” கேட்பதற்குப் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. உண்மையில் அதில் சத்து இருக்கிறதா, ஆபத்து இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாட்டால் காகிதத்தைச் செரிக்க முடியுமா?

முடியும். ஓரளவுக்கு.

காகிதத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ். வைக்கோல், புல், சோளத்தட்டை எல்லாவற்றிலும் இருக்கும் அதே நார்ப்பொருள்தான். மனிதனால் இதைச் செரிக்க முடியாது. மாடு, எருமை, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளாலும் நேரடியாக முடியாது. ஆனால் அவற்றின் முதல் வயிறான ரூமனில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. செல்லுலோஸை உடைத்து, மாட்டுக்குத் தேவையான ஆற்றலாக மாற்றித் தருவது அவைதான். ‘மாட்டுக்குச் சாப்பாடு போடுகிறோம்’ என்று சொல்கிறோமே, சரியாகச் சொன்னால் அந்த நுண்ணுயிரிகளுக்குத்தான் முதலில் போடுகிறோம்.

கழுதையும் குதிரையும் வேறு ரகம். அவற்றுக்கு ரூமன் கிடையாது. நார்ச்சத்து நொதிப்பது பெருங்குடல் பக்கத்தில்தான் நடக்கும். ‘கழுதை பேப்பர் திங்கும்’ என்று சின்ன வயதில் எல்லோரும் சொல்லியிருப்போம். தின்னும்தான். ஆனால் நாரிலிருந்து மாடு எடுக்கும் அளவுக்குக் கழுதையால் எடுக்க முடியாது.

அப்போ எல்லாக் காகிதமும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

மரத்தில் செல்லுலோஸோடு சேர்ந்து லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. கட்டடத்தில் கம்பியைச் சுற்றி கான்கிரீட் இருப்பதுபோல, செல்லுலோஸ் இழைகளைச் சுற்றிப் பிடித்துவைத்திருப்பது இதுதான். ரூமன் நுண்ணுயிரிகளால் லிக்னினை உடைக்க முடியாது. அது சுற்றியிருக்கும் செல்லுலோஸையும் நெருங்க முடியாது.

செய்தித்தாள் காகிதத்தைப் பெரும்பாலும் மரத்தை இயந்திரத்தில் அரைத்தே தயாரிக்கிறார்கள். அதனால் லிக்னின் அப்படியே தங்கிவிடுகிறது. பழைய பேப்பர் வெயிலில் மஞ்சளாகிறதே, அதற்குக் காரணமும் லிக்னின்தான். அதனால் செய்தித்தாளில் மூன்றில் ஒரு பங்கு செரித்தாலே பெரிய விஷயம். மீதி சாணத்தோடு போய்விடும்.

ஜெராக்ஸ் பேப்பர், நோட்டுப் புத்தகக் காகிதம் போன்றவற்றில் ரசாயன முறையில் லிக்னினைப் பெருமளவு நீக்கிவிடுகிறார்கள். அதனால் அந்த நார் எளிதாகச் செரிக்கும். செரிமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல வெள்ளைக் காகிதத்தின் நார் வைக்கோலையே மிஞ்சிவிடும். அட்டைப்பெட்டி இரண்டுக்கும் நடுவில் வரும்.

ஆனால் வெள்ளைக் காகிதத்திலும் ஒரு சிக்கல். அது வழவழப்பாகவும் வெண்மையாகவும் இருக்க, சுண்ணாம்புச் சேர்மமான கால்சியம் கார்பனேட்டையும் களிமண் வகையான கயோலினையும் கலக்கிறார்கள். பளபளப்பான வார இதழ் காகிதத்தில் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்தத் தாதுத்தூள்தான். கிலோ கணக்கில் மாட்டுக்குப் போட்டால், அதில் கணிசமான பகுதி மண் போட்ட மாதிரி!

சத்து எவ்வளவு? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

400 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாடு ஒரு நாளைக்கு உத்தேசமாக 10 முதல் 12 கிலோ உலர் தீவனம் சாப்பிடும். ஈரத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு இது. ஓரளவு பால் கொடுக்க வேண்டும் என்றால் அந்தத் தீவனத்தில் சுமார் 12 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். அதாவது ஒரு நாளைக்கு 1.2 கிலோவுக்கு மேல்.

இப்போது அந்தத் தீவனத்தில் 2 கிலோவுக்குப் பதில் வேறு வேறு பொருளை வைத்துப் பாருங்கள்:

• 2 கிலோ செய்தித்தாள்: புரதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 20 கிராம்கூடத் தேறாது.
• 2 கிலோ வைக்கோல்: 3 முதல் 4 சதவீதம். 60 முதல் 80 கிராம்.
• 2 கிலோ உலர்ந்த குதிரைமசால்: 18 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 360 கிராம்.

நாம் ‘சத்தே இல்லாத சக்கை’ என்று சொல்லும் வைக்கோலே காகிதத்தை விட மூன்று நான்கு மடங்கு மேல்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ரூமன் நுண்ணுயிரிகள் ஒழுங்காக வேலை செய்ய, மொத்தத் தீவனத்தில் சுமார் 7 சதவீதப் புரதமாவது தேவை. அதற்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிரிகள் பெருகாது. செரிமானம் மந்தமாகும். வயிறு காலியாகாது, பசி எடுக்காது, மாடு சாப்பிடுவதையே குறைத்துவிடும். ஆக, காகிதம் தன் பங்குக்குச் சத்து தராததோடு நிற்பதில்லை. கூட இருக்கிற நல்ல தீவனத்தின் பலனையும் கெடுக்கிறது.

பாஸ்பரஸ்? கிட்டத்தட்ட பூஜ்யம். வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின்? பச்சைப்புல்லில் இருக்கும், காகிதத்தில் இல்லை. மாடு வயிறு நிறைந்த மாதிரி நிற்கும், உள்ளுக்குள் பட்டினி.

உலகத்தில் யாருமே இதை முயற்சி செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். அதுவும் சீரியஸாகவே.

இரண்டு உலகப் போர்களின்போதும் ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே நாடுகளில் தீவன இறக்குமதி தடைப்பட்டது. காடும் காகித ஆலையும் நிறைய இருந்த நாடுகள் அவை. ஆலைகளில் தயாரான மரக்கூழையே மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் தீவனமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். போர் முடிந்து வழக்கமான தீவனம் கிடைத்ததும் மரக்கூழைக் கைவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கொடுத்தது ஆலையிலிருந்து நேராக வந்த, ரசாயன முறையில் லிக்னின் நீக்கிய, மை படாத கூழ். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பேப்பர் அது அல்ல.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குப்பை பெரிய பிரச்சினையாக உருவெடுத்தபோது, அந்நாட்டு வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி மையம் செய்தித்தாளைத் தீவனத்தில் கலந்து இறைச்சி மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. தானியம் நிறைந்த தீவனத்தில் கொஞ்சமாகக் கலந்தபோது மாடுகள் தாக்குப்பிடித்தன. அளவு கூடக்கூட, சாப்பிடுவது குறைந்தது. அதே பத்தாண்டில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்ணப் பத்திரிகைகளையும் செய்தித்தாளையும் செம்மறி ஆடுகளுக்குக் கொடுத்து, ஈயம் போன்ற தனிமங்கள் அவற்றின் உடலில் சேர்கின்றனவா என்று சோதித்தார்கள். கேள்வி ‘செரிக்குமா’ என்பதிலிருந்து ‘கூடவே வேறு என்ன உள்ளே போகிறது’ என்பதற்கு மாறியது. அரை நூற்றாண்டு ஆகியும் எந்த நாட்டிலும் பழைய பேப்பர் ஒரு வழக்கமான தீவனமாக நிலைக்கவில்லை.

சரி, கூடவே என்னதான் உள்ளே போகிறது?

அச்சு மை: செய்தித்தாள் மையில் கனிம எண்ணெய் இருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. அதிலுள்ள சில வேதிப்பொருட்கள் மரபணுவைச் சேதப்படுத்திப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் எச்சரித்தது. வண்ண மைகளில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், ஒரு காலத்தில் ஈயம் கலந்த நிறமிகள் சர்வசாதாரணம். இன்று அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒரு மூட்டைப் பழைய காகிதத்தில் எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில், எந்த மையில் அடித்தது இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பில், டிக்கெட், ஏ.டி.எம் ரசீது: இவை மையில்லாமல் சூட்டில் அச்சாகும் தெர்மல் பேப்பர். ஹார்மோன் செயல்பாட்டில் குறுக்கிடும் பிஸ்பீனால் வகை வேதிப்பொருட்கள் இவற்றின் பூச்சில் பரவலாகப் பயன்படுகின்றன.

பின், கம்பி: இது உடனடி ஆபத்து. மாடு நம்மைப்போலப் பொறுக்கிப் பார்த்துச் சாப்பிடாது. நாக்கால் சுருட்டி முழுங்கிவிட்டு, அப்புறம்தான் அசைபோடும். ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசியும் கம்பித் துண்டும் இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கும். அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவில் உதரவிதானம் மட்டும்தான். கூரான கம்பி வயிற்றைத் துளைத்து முன்னால் நகர்ந்தால் இதய உறையையே குத்தும். கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் பிரச்சினை இது.

பிளாஸ்டிக் பூச்சு: காகிதம் மாதிரி தெரிகிற எல்லாமே காகிதம் இல்லை. டீ குடிக்கும் பேப்பர் கப்புக்கு உள்ளே மெல்லிய பாலிதீன் படலம் உண்டு. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருட்கள் பட்டியலில் இந்தப் பூச்சுள்ள கப்புகளும் தட்டுகளும் இருக்கின்றன. ஆனாலும் தெருவில் கிடக்கத்தான் செய்கின்றன. உள்ளே மிச்சமிருக்கும் டீயின் இனிப்புக்கு மாடு கப்போடு சேர்த்து விழுங்கிவிடும். பேனர் ஃப்ளெக்ஸ் என்பது காகிதமே கிடையாது, முழுக்க பிளாஸ்டிக்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2019-ல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து அறுவை சிகிச்சை செய்து 52 கிலோ கழிவை எடுத்தார்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக். கிட்டத்தட்ட ஒரு ஆள் எடை.

பசை: போஸ்டர் ஒட்டுவது மைதாப் பசையில். மாட்டை இழுப்பதே அந்த மைதாதான். பசையைப் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் பைண்டிங் தொழிலில் உண்டு. மயில்துத்தம் என்பது தாமிர உப்பு. குறிப்பாகச் செம்மறி ஆடுகளின் உடல் தாமிரத்தைத் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று ஆளையே சாய்த்துவிடும்.

இதெல்லாம் பாலில் வருமா?

‘மாட்டு வயிறு ஒரு ஃபில்டர் மாதிரி, எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. கொழுப்பில் கரையும் பல நச்சுகளுக்கு உடலைவிட்டு வெளியேறும் வழிகளில் ஒன்றே பால்தான்.

இதற்குக் காகிதத்தைத் தேடிப் போக வேண்டாம், நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு சாப்பிட்டால், அதிலுள்ள அஃப்லாடாக்சின் என்ற நச்சு உருமாறிப் பாலில் வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், இந்த நச்சு வரம்பை மீறியிருந்தது. அதில் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு. 551 மாதிரிகளில் 88.

பாலில் தண்ணீர் கலந்தார்களா என்று கவலைப்படுகிறோம். மாடு என்ன சாப்பிட்டது என்று கேட்பதே இல்லை. அந்த ஆய்வு சொன்ன பாடம் இதுதான். தீவனத்தில் இருப்பது டம்ளரில் வரும்.

மழையில் நனைந்து மூலையில் கிடக்கும் பழைய காகிதமும் அட்டையும் பூஞ்சை பிடிக்க ஏற்ற இடம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் மனிதர்களுக்கு. வடையை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகள், உணவைச் செய்தித்தாளில் பொதிவதையும் சேமிப்பதையும் தடை செய்கின்றன. 2023 செப்டம்பரில் ஆணையம் வியாபாரிகளுக்கும் பொதுமக்களுக்கும் இதை மறுபடியும் நினைவூட்டியது. காரணம் மை. வடையின் எண்ணெய் மையை உறிஞ்சுகிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு வடையை இரண்டு நிமிடம் தாங்குவதற்கே தகுதியில்லை என்று சொல்லப்பட்ட காகிதம் இது. தினமும் கிலோ கணக்கில் ஒரு கறவை மாட்டின் வயிற்றுக்குள் போனால்?

தீவனத்தைப் பொறுத்தவரை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ரொம்பக் கறார். 2009-ம் ஆண்டின் 767-ம் எண் விதிமுறை, தீவனத்தில் சேர்க்கவே கூடாத பொருட்களைப் பட்டியலிடுகிறது. வீட்டுக் குப்பை போன்ற நகர்ப்புறத் திடக்கழிவும், உணவுத் துறையின் பேக்கிங் பொருட்களும் அதில் வருகின்றன. காலாவதியான பிரெட், பிஸ்கட்டைத் தீவனமாக மாற்றலாம். சுற்றியிருக்கும் காகிதத்தையும் கவரையும் நீக்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இந்தியாவில் கலப்புத் தீவனத்துக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ் 2052 என்ற தரம் இருக்கிறது. புரதம், நார், நச்சு வரம்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் தெருவில் மேயும் மாட்டுக்கு எந்த ஐ.எஸ் எண்ணும் கிடையாது.

இவ்வளவு கறார் தேவையா?

கழிவை மலிவுத் தீவனமாக்கப் போய் உலகம் சூடுபட்ட கதைகள் மூன்றைச் சொல்லலாம்.

பிரிட்டனில் இறைச்சிக்கூடக் கழிவை அரைத்து மாடுகளுக்கே புரதமாகக் கொடுத்தார்கள். 1986-ல் ‘மாட்டுப் பைத்திய நோய்’ கண்டறியப்பட்டது. அது மனிதர்களுக்கும் பரவியது.

1999-ல் பெல்ஜியத்தில், மறுசுழற்சி செய்த கொழுப்பில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கலந்து தீவனத்துக்குள் போனது. டையாக்சின், பி.சி.பி நச்சுகள் கோழியிலும் முட்டையிலும் வந்தன.

2008-ல் அயர்லாந்தில் பிரெட் கழிவைத் தீவனமாக்கினார்கள். கழிவில் குற்றமில்லை. அதை உலர்த்த எரித்த எண்ணெயில் நச்சு இருந்தது. நாட்டின் பன்றி இறைச்சி மொத்தத்தையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

கழிவைத் தீவனமாக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பிண்ணாக்கு, தவிடு, கரும்புத் தோகை எல்லாமே ஒருவகையில் கழிவுதான். வித்தியாசம் என்னவென்றால், அவை எங்கிருந்து வந்தன, அவற்றில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கழிவுக் காகிதத்தில் அது தெரியாது.

தெரிந்தே ஏன் மாடு காகிதத்தைத் தின்கிறது?

மாட்டுக்குக் காகிதம் பிடிக்கும் என்பது காரணமில்லை. மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ருசி. மைதாப் பசை, சாம்பார் வாசனை ஏறிய பார்சல் பேப்பர், உப்பு ஒட்டிய பொட்டலம். மாடு தேடுவது உள்ளே இருப்பதை. காகிதம் கூடவே போகிறது.

இரண்டாவது, குறைபாடு. பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் குறைந்த மாடு காகிதம், துணி, மண், எலும்பு என்று கண்டதையும் மெல்லும். இதைக் கால்நடை மருத்துவத்தில் ‘பைக்கா’ என்பார்கள். வீட்டில் கட்டிவைத்த மாடே பேப்பரைத் தேடித் தின்கிறதென்றால், அது குறும்பு இல்லை, ஒரு அறிகுறி.

மூன்றாவது, பசி. நகரத்தில் மேய்ச்சல் நிலம் இல்லை. தீவன விலை கட்டுப்படியாகவில்லை. கறந்து முடித்ததும் அவிழ்த்துவிட்டால் தானாக வயிற்றை நிரப்பிக்கொண்டு வரும் என்ற கணக்கு. சென்னை மாநகராட்சி 2024-ல் தெருவில் பிடிபடும் மாட்டுக்கான அபராதத்தை முதல் முறைக்கு 10,000 ரூபாயாக உயர்த்தியது. அபராதம் தேவைதான். ஆனால் அபராதம் கட்டிய பிறகும் அந்த மாட்டுக்குச் சாப்பாடு எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இது ஒரு ஊரின் பிரச்சினை மட்டுமல்ல. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 95 லட்சம் மாடுகள். நாடு முழுக்க 19 கோடிக்கு மேல். தேவையோடு ஒப்பிட்டால் பசுந்தீவனத்தில் சுமார் 11 சதவீதமும், உலர் தீவனத்தில் சுமார் 23 சதவீதமும், அடர்தீவனத்தில் சுமார் 29 சதவீதமும் பற்றாக்குறை என்பது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களின் மதிப்பீடு.

குறைந்தபட்சம் காசாவது மிச்சமாகுமா?

அதுவும் சந்தேகம்தான். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பழைய பேப்பர் காசு கொடுத்து அகற்ற வேண்டிய குப்பை. நம் ஊரில் அப்படியில்லை. தெருவுக்கு ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது, எடை போட்டுக் காசு தருகிறார்கள். அந்தக் காகிதம் ஆலைக்குப் போய் மறுபடியும் காகிதமாகிறது. போதாததற்கு, இந்தியா வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் கழிவுக் காகிதத்தை இறக்குமதியும் செய்கிறது.

உங்கள் ஏரியா கடையில் ஒரு கிலோ பேப்பர் என்ன விலைக்கு எடுக்கிறார்கள், ஒரு கிலோ வைக்கோல் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பேப்பரை விற்று, அந்தக் காசில் வைக்கோலோ தவிடோ வாங்குவதுதான் மாட்டுக்கும் லாபம், மனிதனுக்கும் லாபம்.

தீவனம் இல்லாதவர் என்ன செய்வது?

‘பேப்பர் போடாதே’ என்று சொல்வது சுலபம். மாற்று என்ன?

• யூரியா ஊட்டமேற்றிய வைக்கோல்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைக்க வேண்டும். புரத அளவு இரு மடங்காகும், செரிமானமும் கூடும். கொடுப்பதற்கு முன் ஆறவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியா கரைசலை மாடு நேரடியாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதல் தடவை கால்நடை மருத்துவர் வழிகாட்டுதலோடு செய்யுங்கள்.
• பசுந்தீவனம்: தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைக் கரணையாக நட்டால், ஒருமுறை நட்டுப் பலமுறை அறுக்கலாம். வரப்பிலும் வேலியிலும் அகத்தி, சூபாபுல், வேலிமசால்.
• மக்காச்சோளச் சைலேஜ்: மழைக்காலத்தில் மிஞ்சும் பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் பதப்படுத்தி வைத்தால் கோடையில் கைகொடுக்கும்.
• தாது உப்புக் கலவை: கண்டதையும் மெல்லும் மாட்டுக்கு இதுதான் முதல் மருந்து. குடற்புழு நீக்கமும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

பழைய பேப்பரை மாட்டுத் தொழுவத்தில் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. மேலைநாடுகளில் துண்டு துண்டாக வெட்டிய செய்தித்தாளைப் படுக்கையாக விரிக்கிறார்கள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அங்கேயும் பின், பளபளப்புத் தாள் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிறு காய்ந்த மாடு படுக்கையையும் தின்னும் என்பதை மறக்கக் கூடாது.

மாடு ஏற்கெனவே தின்றுவிட்டால்?

ஒரு போஸ்டர் துண்டு, ஒரு பேப்பர் தாள் என்றால் பதற வேண்டாம். ஆரோக்கியமான மாட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிரச்சினை, அது தினசரிப் பழக்கமாவதிலும், கூடவே பிளாஸ்டிக்கும் கம்பியும் போவதிலும்தான்.

அசைபோடுவது நின்றால், இடது பக்க வயிறு உப்பினால், முதுகை வளைத்துக்கொண்டு நின்றால், நடக்கவோ படுக்கவோ தயங்கினால், பால் திடீரென்று குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தமிழகத்தில் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும். எண்ணெயை ஊற்றுவது, கசாயத்தைப் புகட்டுவது போன்ற கைவைத்தியத்தை நாமாகச் செய்யக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விட்டால் ஆபத்து.

நாம் என்ன செய்யலாம்?

மாடு வளர்க்காதவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மிச்சச் சாப்பாட்டைப் பேப்பரிலோ கவரிலோ முடிச்சுப் போட்டுத் தெருவில் வைக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பிரித்துக் கொடுங்கள். பழைய பேப்பரைக் கடையில் போடுங்கள். தெருவில் மாடு வளர்ப்பவரிடம் பால் வாங்குகிறீர்கள் என்றால், “மாட்டுக்கு என்ன போடுறீங்கண்ணே?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சண்டையாக வேண்டாம், அக்கறையாக. நல்ல தீவனம் போடுகிறவர் சந்தோஷமாகச் சொல்வார். அவர் பாலுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால், அது எதற்கென்றும் நமக்குப் புரியும்.

சுருக்கமாகச் சொன்னால், காகிதத்தை மாட்டால் ஓரளவு செரிக்க முடியும். அதனால் மட்டும் அது தீவனமாகிவிடாது. சத்து வைக்கோலை விடக் குறைவு, ஆபத்து வைக்கோலை விடப் பல மடங்கு, விலையிலும் லாபமில்லை. அடுத்த முறை சிக்னலில் போஸ்டர் மெல்லும் மாட்டைப் பார்க்கும்போது, அது பசியிலோ சத்துக்குறைவிலோ நிற்கிறது என்பது நினைவுக்கு வரட்டும்.